வெப்ப இயக்கவியலும் பொருளாதாரமும்: மதுரைப் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் மாணவர்களும் பொருளியல், வணிகவியல் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் யாவாரம் பார்க்கும் நண்பர்கள் கேட்டவையும் உண்டு. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

வெப்பத்தைப் பற்றிய விதிகளுக்கும் காசு பணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு விதமான சம்பந்தம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சண்டையே வருகிறது.

முதலாவது, கணித ஒற்றுமை. கோடானுகோடி மூலக்கூறுகள் மோதி மோதி ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன. லட்சக்கணக்கான மனிதர்கள் வாங்கி விற்றுப் பணத்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்தையும் தனித்தனியாகத் துரத்திப் பார்க்க யாராலும் முடியாது. மொத்தக் கூட்டத்தின் போக்கை மட்டும் சொல்லலாம். அதற்காக இயற்பியலில் உருவான கணக்குமுறை, பணத்துக்கும் ஓரளவு பொருந்துகிறது.

இரண்டாவதை ஒற்றுமை என்றே சொல்லக்கூடாது. பொருளாதாரம் நடப்பதே நிலக்கரி, டீசல், தண்ணீர், வெயில், உழைப்பு ஆகியவற்றால்தான். இவை எல்லாமே வெப்ப இயக்கவியலுக்குக் கட்டுப்பட்டவை. இங்கே உவமைக்கு வேலை இல்லை. செங்கல் சூளைக்கும் பொருந்தும், ஐ.டி. கம்பெனியின் ஏ.சி.க்கும் பொருந்தும்.

முதலாவது சுவாரசியமானது, ரசித்துப் படிக்கலாம். இரண்டாவது நம் கண்மாய்களையும் கிணறுகளையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் தொடுகிற விஷயம். என் அக்கறை அதிகம் அந்தப் பக்கம்தான்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் விதி: ஆற்றலை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வடிவம் மாறும், அளவு மாறாது.

இரண்டாம் விதி: வெளியிலிருந்து எதுவும் வராத, வெளியே எதுவும் போகாத ஓர் அமைப்பில் என்ட்ரோபி (ஆற்றல் பயன்படாமல் போவதன் அளவு, கீழே விளக்குகிறேன்) ஒருபோதும் குறையாது. நடைமுறையில் கூடிக்கொண்டேதான் போகும். சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824இல் நீராவி எஞ்சினை ஆராய்ந்து இதற்கு அடிப்படை போட்டார். ருடால்ஃப் கிளாசியஸ் 1865இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்ற எண்ணிக்கைக் கணக்காக அதை 1877இல் விளக்கியவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மான்.

ஆற்றல் அழியாது என்றால், "ஆற்றல் நெருக்கடி" என்று ஏன் சொல்கிறோம்?

நல்ல கேள்வி. அளவு மாறாவிட்டாலும் தரம் இறங்கிவிடுகிறது.

சித்திரை மாதம் மதுரையில் 40 டிகிரி வெயில். ஊர் முழுக்கக் காற்றில் எவ்வளவு வெப்ப ஆற்றல் கிடக்கிறது! ஆனால் அதை வைத்து ஒரு மாவு மில்லை ஓட்ட முடியாது. வெப்பம் வேலை செய்ய வேண்டுமானால் சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். எல்லாமே 40 டிகிரியில் இருந்தால் வேலை பூஜ்யம்தான்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலா 210 மெகாவாட்டில் 5 அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். நிலக்கரியை எரித்து நீராவியை ஏறக்குறைய 540 டிகிரிக்குச் சூடாக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு, கடைசியில் கழிவு வெப்பத்தைக் கடல்நீரில் விடுகிறார்கள். 540 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில் ஓடும் எந்த எஞ்சினும் 61 சதவீதச் சொச்சத்துக்கு மேல் மின்சாரமாக்க முடியாது என்பது கார்னோ போட்ட எல்லை. உண்மையில் இந்த வகைப் பழைய நிலையங்களில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதி கடலுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. அங்கே அது இருக்கிறது, ஆனால் யாருக்கும் பயன்படாது.

என்ட்ரோபி என்பது இந்தப் பயன்படாமல் போவதன் அளவு. வேறு விதமாகச் சொன்னால், அரிசி மூட்டைக்குள் உளுந்து கொட்டிவிட்டால் கலப்பதற்கு ஒரு நிமிடம் போதும், பிரிப்பதற்கு ஒரு நாள் உட்கார வேண்டும். கலந்திருப்பதற்குக் கோடி விதம் உண்டு, பிரிந்திருப்பதற்கு ஒரு விதம்தான் என்பதே காரணம்.

பூ மார்க்கெட்டில் இதைப் பார்க்க முடியுமா?

மாட்டுத்தாவணியை விடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது என்பேன்.

மல்லிகையை விடிவதற்கு முன்பிருந்தே மொட்டாகப் பறிக்கிறார்கள். மொட்டு இறுகி இருக்கும்வரைதான் விலை. சாயங்காலம் விரிந்துவிடும், மணம் காற்றில் கலந்துவிடும். காற்றில் போன மணத்தைத் திரும்பப் பூவுக்குள் அடைக்க எந்த வழியும் இல்லை. காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை, மத்தியானம் கேட்பாரில்லை என்பது யாவாரிகளுக்குத் தெரிந்த கதை. மற்ற சரக்குகளில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடப்பது மல்லிகையில் ஒரே பகலுக்குள் நடந்து முடிகிறது.

இந்தச் சரிவைத் தள்ளிப்போடலாம், ஆனால் இலவசமாக முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பூவைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டுகிறார்கள். அந்த ஐஸை உறைய வைத்த இயந்திரம், தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் செலவழித்த மின்சாரத்தையும் சேர்த்து வெளியே வெப்பமாகக் கொட்டியிருக்கும். பெட்டிக்குள் குறைந்த என்ட்ரோபியை விட வெளியே கூடிய என்ட்ரோபிதான் அதிகம்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் விலை இறங்கும்போது மிச்சப் பூ வாசனைத் திரவிய ஆலைக்குப் போகிறது. கரைப்பானில் ஊறவைத்து, ஆயிரம் கிலோ பூவிலிருந்து இரண்டு மூன்று கிலோ மணச்சாறு எடுக்கிறார்கள். பரவலாகக் கிடந்த ஒன்றை ஓரிடத்தில் சேர்க்கும் வேலை இது. அதனால்தான் இதற்குக் கரைப்பானும் எரிபொருளும் வேண்டியிருக்கிறது. சுரங்கத்தில் தாமிரம் எடுப்பதும் கடல்நீரில் உப்பு எடுப்பதும் இதே வகை வேலைதான். உப்புக்கு மட்டும் வெயில் கூலி வாங்காமல் உழைக்கிறது.

பணமும் ஆற்றலைப் போலத்தானே? கைமாறும், அழியாது?

இல்லை. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

ஆற்றலுக்குப் பாதுகாப்பு விதி உண்டு, பணத்துக்குக் கிடையாது. வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அவர் கணக்கில் புதிதாக ஒரு தொகை எழுதப்படுகிறது. வேறு யார் கணக்கிலிருந்தும் அது கழிக்கப்படுவதில்லை. கடனை அடைக்கும்போது அந்தத் தொகை மறைகிறது. பணம் பிறந்தும் மடிந்தும் கொண்டேயிருக்கிறது.

2016 நவம்பர் 8 ராத்திரி நினைவிருக்கும். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், புழக்கத்திலிருந்த நோட்டு மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் ஒரே இரவில் பயனற்றுப்போனது. மறுநாள் காலையில் வயலில் பூ அப்படியே பூத்திருந்தது, டீசல் அதே அளவு எரிந்தது, வைகையில் வந்த தண்ணீரும் மாறவில்லை. ஆனால் யாவாரம் படுத்துவிட்டது. பணம், பொருளின் மீதான உரிமைச் சீட்டு. அது பொருளும் ஆகாது, ஆற்றலும் ஆகாது. சீட்டு இல்லாவிட்டால் பொருள் நகராது என்பதும் உண்மை, சீட்டை மட்டும் அச்சடித்தால் பொருள் முளைக்காது என்பதும் உண்மை.

அப்படியானால் கடனும் வட்டியும்?

இதைப் பற்றி ஒரு வேதியியல் அறிஞர் ஆழமாக யோசித்திருக்கிறார். ஃபிரடெரிக் சாடி, கதிரியக்க ஆய்வுக்காக 1921ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர். முதல் உலகப் போருக்குப் பிறகு பொருளாதாரத்தின் பக்கம் திரும்பி 1926இல் ஒரு நூலே எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. செல்வம் என்பது நெல், வீடு, இயந்திரம் போன்ற பொருள். அது துருப்பிடிக்கும், மக்கும், தேயும். கடன் என்பது காகிதத்தில் உள்ள எண். அது துருப்பிடிக்காது, கூட்டுவட்டியில் வளர்ந்துகொண்டே போகும். தேய்கிற ஒன்று, வளர்கிற ஒன்றை எத்தனை நாள் தாங்கும்?

வங்கிக் கடனில் இந்த முரண் தெரிய வருடங்கள் ஆகும். நம் ஊரில் ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. தள்ளுவண்டியில் பூவோ காய்கறியோ விற்கும் ஓர் அம்மா, காலையில் 900 ரூபாய் வாங்கிச் சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல் தென்மாவட்டங்களில் எல்லோரும் அறிந்ததுதான். ஒரு நாளைக்கு 11 சதவீத வட்டி. கட்ட முடியாமல் அதையே வட்டிக்கு வட்டியாக விட்டால் ஏழாவது நாளுக்குள் கடன் இரண்டு மடங்கு. கூடையில் இருக்கும் சரக்கோ அதே பகலுக்குள் வாடிக்கொண்டிருக்கிறது. சரக்கின் விலை மணிக்கு மணி இறங்குகிறது, கடன் மணிக்கு மணி ஏறுகிறது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் நேரத்துக்கு முன் விற்றுத் தீர்க்க வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு அவர் தோற்றுவிடுகிறார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லாமல்.

தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாமே அதில் குற்றம். சட்டத்தை நியாயத்தின் பேரில் ஆதரிப்பவர்கள் உண்டு. இயற்பியலின் பேரிலும் அதை ஆதரிக்கலாம் என்பது என் கருத்து. கூடையில் இருக்கும் எந்தச் சரக்கும் நாளுக்கு 11 சதவீதம் வளராது.

சந்தை விலை ஒரு சமநிலைக்கு வருவதும், வெப்பநிலை சமமாவதும் ஒன்றுதானா?

வடிவத்தில் நெருக்கமானவை. அந்த நெருக்கம் தற்செயலாகவும் வரவில்லை. வெப்ப இயக்கவியலின் பெரிய மேதையான அமெரிக்கர் கிப்ஸிடம் பயின்றவர் இர்விங் ஃபிஷர். 1891இல் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முனைவர் பட்டம் வாங்கிய அவர், தன் ஆய்வேட்டில் இயந்திரவியலுக்கும் பொருளியலுக்கும் பொருத்தம் காட்டி அட்டவணையே போட்டார். துகளுக்குத் தனிமனிதர், ஆற்றலுக்குப் பயன்பாடு (ஒரு பொருள் தரும் திருப்தி) என்கிற மாதிரி. பிறகு கிப்ஸின் இன்னொரு மாணவரான வில்சனிடம் படித்தவர் பால் சாமுவெல்சன். சமநிலையைக் கலைத்தால் அந்தக் கலைப்பைத் தணிக்கும் பக்கம் அமைப்பு நகரும் என்று வேதியியலில் வரும் லெ ஷாத்லியே கொள்கையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1970இல் பொருளியல் நோபல் பெற்றார். இன்று கல்லூரியில் படிக்கிற சமநிலைக் கணக்குகளில் கிப்ஸின் சாயல் இருப்பது இந்த வழியாகத்தான்.

நிலக்கோட்டைப் பூச் சந்தையில் மல்லிகை கிலோவுக்கு 600, மதுரையில் 900 என்றால் வண்டி எந்தப் பக்கம் போகும்? வெப்பநிலை வித்தியாசம் வெப்பத்தைத் தள்ளுவது போலவே விலை வித்தியாசம் சரக்கைத் தள்ளுகிறது, வித்தியாசம் வண்டி வாடகை அளவுக்குச் சுருங்கும்வரை. தகவல் வேகமாகப் போனால் வித்தியாசமும் வேகமாகச் சுருங்கும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலர் கேரள மத்தி மீன் சந்தைகளில் இதை அளந்து 2007இல் வெளியிட்டார். மீனவர்கள் கையில் செல்போன் வந்ததும் கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது, விற்காமல் கடலில் கொட்டுவதும் கிட்டத்தட்ட நின்றது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மூலக்கூறுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்ற யோசனை கிடையாது. பூ யாவாரிக்கு உண்டு. தை பிறந்தால் கல்யாண முகூர்த்தம் வரிசையாக வரும் என்று அவருக்கு இன்றைக்கே தெரியும். பஞ்சாங்கத்தைப் பார்த்து விலை ஏறுகிறது. எதிர்பார்ப்பால் நகரும் ஓர் அமைப்புக்கு வாயுவின் சமன்பாட்டை அப்படியே மாட்டினால் கோளாறுதான். 2008இல் உலகச் சந்தைகள் சரிந்தபோது அந்தக் கோளாறின் ஒரு பங்கை எல்லோரும் பார்த்தோம்.

ஏழை பணக்காரன் வித்தியாசத்தை இயற்பியலால் விளக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு பகுதி உண்மை. இதை நீங்களே செய்து பாருங்கள்.

வகுப்பில் 20 பேர், ஆளுக்கு 10 நாணயம். இரண்டு பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து டாஸ் போட வேண்டும், தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு நாணயம் தர வேண்டும், கையில் இல்லாவிட்டால் தர வேண்டாம். கையால் செய்தால் ஒரு பீரியடில் போக்கு மட்டும் தெரியும். பைத்தான் என்ற கணினி மொழியில் ஐந்தாறு வரி எழுதிச் சில ஆயிரம் பேரை விட்டு ஓட்டினால் முழுப்படமும் வந்துவிடும். யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் திறமை கூடுதல் இல்லை, எல்லோரும் சமமாகத்தான் தொடங்கினார்கள். இருந்தும் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலோரிடம் கொஞ்சமாகவும் சிலரிடம் நிறையவும் சேர்ந்துவிடும்.

காரணம், மேலே சொன்ன என்ட்ரோபிதான். எல்லோரிடமும் சரியாகப் பத்துப் பத்தாக இருப்பதற்கு ஒரே ஒரு ஏற்பாடுதான் உண்டு. ஏறுக்குமாறாக இருப்பதற்கு எண்ண முடியாத ஏற்பாடுகள். குலுக்கக் குலுக்க, அதிக வழிகள் உள்ள நிலைக்கே போய் நிற்கும். மூலக்கூறுகளின் ஆற்றலுக்குப் போல்ட்ஸ்மான் எழுதிய அதே அடுக்குக்குறிப் பங்கீடு நாணயத்துக்கும் வருகிறது. அந்தப் பங்கீட்டின்படி 63 சதவீதம் பேர் சராசரிக்குக் கீழே இருப்பார்கள். மேல்தட்டுப் பத்து சதவீதம் பேரிடம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடிமட்டப் பாதிப் பேர் எல்லோரிடமும் சேர்ந்து 15 சதவீதம்.

அமெரிக்காவில் டிராகுலெஸ்கு, யாகவென்கோ என்ற இயற்பியலாளர்கள் 2000இல் இந்த மாதிரியை வெளியிட்டார்கள். பிறகு யாகவென்கோவும் கூட்டாளிகளும் அமெரிக்க வரிக் கணக்குகளோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 97 சதவீத மக்களின் வருமானம் இந்த வடிவத்துக்கு ஒத்துப்போனது. மேலே உள்ள மூன்று சதவீதம் தனிக்கதை. அவர்கள் வருமானம் 1890களில் பொருளியலர் பரேட்டோ கண்டுசொன்ன வேறொரு விதிப்படி, நீண்ட வாலாகப் போகிறது. உழைத்துச் சம்பாதிப்பது கூட்டிக் கூட்டி ஏறும், முதலீட்டில் சம்பாதிப்பது பெருக்கிப் பெருக்கி ஏறும் என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

இந்தத் துறையில் இந்தியாவுக்கும் பெரிய இடம் உண்டு. மேகநாத் சாஹாவும் ஸ்ரீவஸ்தவாவும் 1931இல் எழுதிய வெப்பவியல் பாடநூலிலேயே மூலக்கூறு வேகப் பங்கீட்டை விளக்க மக்களின் வருமானப் பங்கீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்தார்கள். இத்துறைக்குப் பொருளியற்பியல் என்ற பொருளில் பெயர் சூட்டப்பட்டதும் 1995இல் கொல்கத்தாவில் நடந்த ஒரு மாநாட்டில்தான்.

அப்படியானால் ஏற்றத்தாழ்வு இயற்கையின் விதி, ஒன்றும் செய்ய முடியாது என்றுதானே அர்த்தம்?

இந்த முடிவுக்கு யாராவது வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதே விளையாட்டில் கைமாற்றும் விதியை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொருவரும் தன் கையிருப்பில் பாதியைச் சேமிப்பாக ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் நடுவில் வைக்கட்டும், இரண்டு பேர் வைத்ததையும் சேர்த்துக் குலுக்கலில் வரும் ஏதோ ஒரு விகிதத்தில் இருவரும் பிரித்துக்கொள்ளட்டும். கொல்கத்தாவில் பிகாஸ் சக்ரபர்த்தி குழுவினர் ஆராய்ந்தது இதைத்தான். இப்போது வெறுங்கையோடு நிற்பவர்கள் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறார்கள், பெரும்பாலோர் நடுவில் கூடுகிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிறு வரி பிடித்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாலும் இதே பக்கம்தான் நகரும்.

மூலக்கூறுகள் மோதும் விதியை நாம் மாற்ற முடியாது. மனிதர்கள் கொடுத்து வாங்கும் விதியைச் சட்டசபையில் மாற்றலாம். ரேஷன் கடை, மதிய உணவு, நியாய வட்டிக் கடன் எல்லாமே அப்படி மாற்றிய விதிகள்தான்.

இதையெல்லாம் நம் பக்கத்தில் யாராவது யோசித்திருக்கிறார்களா?

யோசித்திருக்கிறார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர், லண்டனில் தணிக்கையாளர் பயிற்சி, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். காந்தியோடு சேர்ந்து 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். கடைசிக் காலத்தை மதுரைக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். இறந்தது 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளன்று.

சிறையில் எழுதி 1945இல் வெளியான நூலில் அவர் ஒரு பிரிவினை செய்கிறார். நிலக்கரி, பெட்ரோல், உலோகக் கனிமங்கள் ஆகியவை தேக்கிவைத்த இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். ஆற்று நீரோட்டம், வளரும் மரம், வெயில் ஆகியவை ஓட்டம். வருகிற அளவுக்குள் எடுத்தால் தீராது. இருப்பை நம்பும் பொருளாதாரம் தற்காலிகமானது, போட்டியையும் போரையும் கொண்டுவருவது. ஓட்டத்தை நம்பும் பொருளாதாரம் நிலைப்பது. தணிக்கையாளர் கண்ணோடு பார்த்திருக்கிறார்: மூலதனத்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அதை வருமானம் என்று எழுதக்கூடாது.

அதற்கு 26 வருடம் கழித்து, 1971இல், நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோஜன் என்ற ருமேனியப் பொருளியலர் அமெரிக்காவிலிருந்து என்ட்ரோபி விதியையும் பொருளாதாரத்தையும் இணைத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வெயில் ஓட்டமாக வருகிறது, நிலத்தடிக் கனிமம் இருப்பாகக் கிடக்கிறது என்ற பிரிவினை அவரிடமும் மையமானது. கணிதம் அவருடையது கூர்மை. கருத்தின் அச்சு ஏற்கெனவே குமரப்பாவின் எழுத்தில் இருக்கிறது.

கண்மாய், போர்வெல் விஷயத்தில் இந்தப் பிரிவினை எப்படிப் பொருந்தும்?

கண்மாய்த் தண்ணீர் ஓட்டம். மழை பெய்தால் நிறையும், மடை வழியே தானாக இறங்கிப் பாயும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீருக்கு மோட்டார் வேண்டாம், அந்த உயரத்துக்குத் தூக்கும் கூலியை வெயில் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. பாறைக்கு அடியில் 1,000 அடியில் கிடக்கும் தண்ணீர் இருப்பு.

கணக்குப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 1,000 அடி தூக்குவதற்குக் குறைந்தபட்சம் 0.83 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டார், பைப், பம்பு இழப்பெல்லாம் சேர்த்தால் சுமார் 2 யூனிட். அதே ஆயிரம் லிட்டர் 30 அடிக் கிணற்றில் இருந்தால் இதில் முப்பதில் ஒரு பங்கு போதும். அந்த 30 அடியைத்தான் ஒரு காலத்தில் கமலை மாடுகள் இழுத்தன. 1,000 அடியை எந்த மாடும் இழுக்காது. நிலக்கரி வந்ததால்தான் அந்த ஆழத்துக்கே போனோம். ஓர் இருப்பைக் கரைத்து இன்னோர் இருப்பைக் கரைக்கிறோம்.

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதை நான் குறைசொல்லவில்லை, பல குடும்பங்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் மீட்டரில் ஓடாத கணக்கு பூமிக்குள் ஓடுகிறது. நீர்மட்டம் பத்து அடி இறங்கினால் ஒவ்வொரு லிட்டருக்கும் அந்தப் பத்து அடி கூலி கூடுதல், வருடம் முழுக்க. பக்கத்துக் கண்மாயைத் தூர்வாரி நீர்மட்டத்தை ஏற்றினால் அந்தக் கூலி குறைகிறது. தூர்வாரும் செலவை எதிர்ப்பவர்கள் இந்தப் பக்கத்து மிச்சத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

பெரியாறு அணை இன்னோர் உதாரணம். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீரைப் பென்னிகுவிக் 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். இன்று அதே நீர் லோயர் கேம்பில் மின்சாரம் தருகிறது, கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லுக்குப் பாய்கிறது, வைகை அணையில் தேங்குகிறது, மதுரையில் குடிநீராகிறது, மேலூர் வரை வயலுக்குப் போகிறது. இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை. ஆற்றலின் தரம் இறங்கும்போது இடையிலேயே வேலை வாங்கிக்கொள்வதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நகரம் வளர்கிறது, கட்டடம் எழுகிறது. ஒழுங்கு கூடுகிறதே, இது இரண்டாம் விதிக்கு முரண் இல்லையா?

முரண் இல்லை. விதி மூடிய அமைப்புக்கு. நகரம் திறந்த அமைப்பு. ஆற்றல் பாய்ந்துகொண்டே இருந்தால் அந்தப் பாய்ச்சலில் ஒழுங்கு தானே உருவாகும் என்று காட்டியதற்காக இல்யா பிரிகோஜினுக்கு 1977இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மதுரைக்குள் தினமும் பால், காய்கறி, டீசல், மின்சாரம், தண்ணீர் நுழைகின்றன. வெளியே போவது சாக்கடையும் புகையும் வெப்பமும், அவனியாபுரம் பக்கத்து வெள்ளைக்கல் கிடங்குக்குப் போகும் குப்பையும். மாசி வீதியின் ஒழுங்குக்கான விலையை அவனியாபுரத்துக்காரர்கள் மூக்கால் கொடுக்கிறார்கள். குப்பையைத் தரம் பிரிக்காமல் கலந்து கொட்டுவது, என்ட்ரோபியை நம் கையாலேயே கூட்டுவதுதான். வீட்டு வாசலில் பிரித்தால் ஒரு நிமிட வேலை, கிடங்கில் பிரிப்பது பெரும்பாடு.

எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்துவிட்டால் பிரச்சினை தீருமா?

ஓரளவு தீரும். பழைய இரும்புக் கடைகள் இந்த வேலையைப் பல தலைமுறையாக அமைதியாகச் செய்துவருகின்றன. சேர்ந்து கிடக்கும் பொருளை மீட்பது மலிவு, சிதறிக் கிடப்பதை மீட்பது செலவு. கார் சக்கரத்து இரும்பு சுலபம், தேய்ந்த டயரிலிருந்து சாலையெங்கும் பறந்துவிட்ட ரப்பர் தூள் போனது போனதுதான். ஜார்ஜெஸ்கு-ரோஜன் ஒரு படி மேலே போய், போதுமான ஆற்றல் இருந்தாலும் முழு மறுசுழற்சி சாத்தியமே இல்லை என்று தனி விதியே சொன்னார். அதை இயற்பியலாளர்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. பூமிக்கு வெளியிலிருந்து வெயில் வருகிறது. சாத்தியம் உண்டு, செலவு அதிகம்.

வளர்ச்சிக்கு எல்லை உண்டா?

பூமியின் மேல் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,73,000 டெராவாட் (ஒரு டெராவாட் என்றால் பத்து லட்சம் மெகாவாட்). மனித குலம் முழுவதும் செலவழிப்பது 20 டெராவாட் அளவு. ஆகவே நாளைக்கே முட்டிக்கொள்ளும் எல்லை இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது மாதிரி இன்னும் எவ்வளவோ வரலாம், வர வேண்டும்.

ஆனால் ஆற்றல் செலவு வருடம் 2.3 சதவீதம் வளர்ந்துகொண்டே போனால் நூறு வருடத்தில் பத்து மடங்கு, நானூறு வருடத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. அப்போது நம் செலவு பூமியில் விழும் மொத்த வெயிலுக்குச் சமமாகிவிடும், அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். எனவே ஆற்றல் செலவு ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். பாட்டு, மருத்துவம், கல்வி, நல்ல வடிவமைப்பு ஆகியவற்றின் மதிப்பு அதற்குப் பிறகும் வளரலாம். எதன் வளர்ச்சி என்று கேட்காமல் இந்த விவாதத்தைத் தொடங்கவே கூடாது.

சிக்கனமான இயந்திரம் வந்தால் செலவு குறைந்துவிடுமே?

ஒரு இயந்திரத்தில் குறையும். மொத்தத்தில் குறையும் என்ற உத்தரவாதம் இல்லை. நீராவி எஞ்சின் சிக்கனமாகச் சிக்கனமாக இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு கூடியதை ஆங்கிலப் பொருளியலர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதிவிட்டார். எல்.இ.டி. பல்பு மலிவானதும் நம் கல்யாண மண்டபங்களின் சீரியல் செட் எவ்வளவு நீண்டது என்று பாருங்கள்.

இயற்பியலோ பொருளியலோ படிக்கும் மாணவர் இதில் எங்கே தொடங்கலாம்?

ஒரு டீக்கடையில் தொடங்குங்கள், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு.

வணிக சிலிண்டரில் 19 கிலோ எரிவாயு. கிலோவுக்கு 46 மெகாஜூல் என்று வைத்தால் ஏறத்தாழ 870 மெகாஜூல். 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.29 மெகாஜூல் போதும். அதாவது ஒரு சிலிண்டரில் 2,900 லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம், ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாவிட்டால். கொதித்த பிறகு ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் அதற்கு 2.26 மெகாஜூல், கொதிக்க வைத்த செலவைப் போல ஏழெட்டு மடங்கு. பாய்லரை மூடாமல் நாள் முழுக்கத் தளதளக்க விடும் கடையில் எரிவாயு எங்கே போகிறது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு இவற்றை எழுதுங்கள்: சிலிண்டர் மாற்றிய தேதி, எத்தனை லிட்டர் பால், எத்தனை லிட்டர் தண்ணீர், பாய்லரில் எத்தனை முறை ஊற்றினார்கள், எத்தனை டீ விற்றது, மிச்சமான வடை எத்தனை. ரூபாயில் ஒரு பத்தி, மெகாஜூலில் ஒரு பத்தி. இரண்டு பத்தியும் ஒத்துப்போகாத வரிகளில் கோடு போடுங்கள். மாட்டுத்தாவணியிலோ கப்பலூர் தொழிற்பேட்டையிலோ அடுத்த கணக்கைத் தொடங்கும்போது எதை அளக்க வேண்டும் என்று அந்த வரிகளே சொல்லிவிடும்.